தோல் உலர்த்தும் மலை

ராஜகுமாரி ஒருத்தி மாலையில் மரத்தின் மேல் ஏறினாள். இரவெல்லாம் யானைகளையும் காண்டாமிருகங்களையும் பார்த்துக் களித்தாள். மறுநாள் காலையில் கீழே இறங்கியபோது அவள் ராணியாகிவிட்டிருந்தாள். பாட்டி சொல்லும் கதை போல இருக்கிறதல்லவா? ஆனால் இது 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ஆம் தேதி இரவு உண்மையாகவே நடந்தது. ராஜகுமாரி, இங்கிலாந்தின் எலிசபெத். மரம், ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்து அபெர்டேர் மலைச்சாரலில் நின்ற ஓர் அத்தி மரம். அவள் மரத்தின் மேல் இருந்த அந்த இரவில்தான், நெடுந்தொலைவுக்கு அப்பால் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் அவளுடைய தந்தை ஆறாம் ஜார்ஜ் மன்னர் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். மரத்திலிருந்து இறங்கியவளுக்கு அந்தச் செய்தி தெரியாது. பிற்பகலில், சகானா என்ற இடத்திலிருந்த விடுதியில், கணவர் சொல்லித்தான் தெரிந்தது.

இந்தக் கதையை நம்மில் பலர் அறிவோம். அந்த மரத்தைத் தாங்கி நின்ற மலையை அறிந்தவர்கள்தாம் குறைவு. அந்த மலைக்கு அந்த இரவுக்கு முன்னும் கதை உண்டு; பின்னும் உண்டு. பின்னால் நடந்தது குழந்தைகளைத் தூங்க வைப்பதற்குச் சொல்லக் கூடிய கதை அல்ல.

கென்யாவின் தலைநகரான நைரோபிக்கு வடக்கே, பூமத்திய ரேகையைத் தொட்டுவிடுவது போல, சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த மலைத்தொடர் படுத்துக் கிடக்கிறது. மேற்கே நின்று பார்த்தால் அது செங்குத்தான சுவர். ஆப்பிரிக்கக் கண்டத்தைக் கத்தியால் கீறிப் பிளந்தது போலக் கிடக்கும் மாபெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் கிழக்குக் கரை அது. கிழக்கே நின்று பார்த்தாலோ, சாதுவான சரிவு. காப்பியும் தேயிலையும் மக்காச்சோளமும் விளையும் செம்மண் மடிப்புகளாக மெல்ல மெல்ல இறங்கி வருகிறது. வடகோடியில் லெசாத்திமா என்ற சிகரம் 13,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தென்புறத்துக் கினங்கோப் சிகரம் அதற்குச் சில நூறு அடியே தாழ்வு. இரண்டுக்கும் நடுவே, பத்தாயிரம் அடி உயரத்தில், மரமில்லாத புல்வெளி அலை அலையாகப் பரந்திருக்கிறது.

இவ்வளவும் நெருப்பின் வேலை. பூமி பிளந்த காலத்தில், அந்தப் பிளவின் ஓரத்தில் எரிமலைகள் கிளம்பி, குழம்பைக் கக்கிக் கக்கி அடுக்கடுக்காக மேடு போட்டன. ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கிழக்கே பனிமுடி தரித்து நிற்கும் கென்யா மலையும் எரிமலைதான். ஆனால் வயதில் தம்பி. உலகத்தார் தம்பியைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். அண்ணன் எப்போதோ அணைந்துபோய், மழையிலும் காற்றிலும் தேய்ந்து, மேகத்தைப் போர்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். லெசாத்திமாவின் பக்கத்தில் புல்வெளிக்கு நடுவே நெடிது துருத்திக்கொண்டிருக்கும் பாறைகளைப் பிரயாணிகள் ‘பறவைநாகத்தின் பற்கள்’ என்கிறார்கள். கிழவருடைய வாயில் மிச்சமிருப்பவை அவைதாம்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். ‘அபெர்டேர்’ என்பது ஒரு பிரபுவின் பெயர். லண்டனில் ராயல் பூகோளச் சங்கத்தின் தலைவராக இருந்த அபெர்டேர் பிரபு இந்த மலையைக் கண்ணால் கண்டவர் அல்லர். அந்தச் சங்கம் அனுப்பிய ஜோசப் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், இருபத்தைந்து வயதில், 1883-இல் மஸாய் மக்களின் நாட்டைக் கடந்து வரும்போது இந்த மலையைப் பார்த்தார், தம்மை அனுப்பிய சங்கத்தின் தலைவரை மகிழ்விக்க நினைத்தார் போலும், பெயர் விழுந்துவிட்டது. தாம்ஸன் ஒரு சுவாரசியமான பேர்வழி. துப்பாக்கியைக் காட்டிலும் சாதுரியத்தை நம்பியவர். வாயிலிருந்த இரண்டு பொய்ப் பற்களைக் கழற்றி மாட்டிக் காட்டி மஸாய் வீரர்களைத் திகைக்க வைப்பாராம். அதற்கும் அவர்கள் அசையாவிட்டால் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஈனோ உப்பைப் போட்டுப் பொங்க வைப்பாராம். நம் வீடுகளில் அஜீரணத்துக்குக் குடிக்கிற அதே ஈனோ! சாம்ராஜ்யங்கள் எதை எதையெல்லாம் கரைத்து உண்டாக்கப்பட்டன என்று யார் முழுமையாகச் சொல்ல முடியும்?

மலைக்கு அதற்கு முன்பே பெயர்கள் இருந்தன. மஸாய் மக்கள் வடகோடிச் சிகரத்தைக் காளைக்கன்றின் மலை என்று அழைத்தார்கள். லெசாத்திமா என்பதன் பொருள் அதுதான். கிழக்குச் சரிவில் குடியிருந்த கிக்கூயு மக்கள் மலை முழுவதையும் ‘நியாண்டருவா’ என்றார்கள். காயப்போட்ட தோல் என்று பொருள். மாட்டுத் தோலை முளையடித்து உலர்த்தும்போது அது மடிந்து சுருங்கி வளையும் அல்லவா, தூரத்திலிருந்து பார்த்தால் மலையின் முதுகு அப்படித்தான் தெரிகிறது. பூகோளச் சங்கத்துத் தலைவரின் பெயரைக் காட்டிலும் இது எவ்வளவு கச்சிதம்! தாமும் தம் ஆடு மாடும் அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் மலைக்கு ஒரு குடியானவன் வைக்கும் பெயர் இப்படித்தான் இருக்கும்.

கிக்கூயு மக்களின் புராணத்தில் கடவுளின் பெயர் ங்காய். அவருக்குக் கிரின்யாகா என்னும் கென்யா மலை தலைமை இருப்பிடம். நியாண்டருவா அவர் தங்கிச் செல்லும் இடங்களில் ஒன்று. இந்த இரண்டு மலைகளுக்கும் இடைப்பட்ட நல்ல மண்ணை ங்காய், ஆதி மனிதனான கிக்கூயுவுக்கும் அவன் மனைவி மும்பிக்கும் கொடுத்தாராம். அவர்களுக்கு ஒன்பது பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. ஒன்பது பெண்களைப் பெற்ற தகப்பனின் கவலையை நான் விவரித்து எழுதவும் வேண்டுமா? அவன் கடவுளிடம் முறையிட்டான். அவர் சொன்னபடி ஓர் அத்தி மரத்தடியில் ஆட்டுக்கிடாவைப் பலியிட்டு வழிபட்டான். திரும்பி வந்து பார்த்தால், மரத்தடியில் ஒன்பது வாலிபர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்! ஜாதகம் பார்க்கவில்லை, சீர் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: மாப்பிள்ளைகள் மாமனார் வீட்டோடு இருக்க வேண்டும். அந்தப் பெண்களின் பெயர்களில்தான் கிக்கூயு குலங்கள் வழங்குகின்றன. ‘முகுமோ’ என்று அவர்கள் சொல்லும் அந்த அத்தி மரத்தை அன்றுமுதல் அவர்கள் வெட்டுவதில்லை. விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதும் குற்றம்.

கிழக்குச் சரிவில் வயல்கள் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. முதலில் தேவதாருவும் கற்பூர மரமும் ஆலிவ் இனத்து மரங்களும் கலந்த அடர்ந்த மழைக்காடு. வெண்ணிறச் சால்வை போர்த்த கறுப்புக் குரங்குகள் உச்சிக் கிளைகளில் தாவுகின்றன. அந்தச் சால்வையின் அழகுதான் அவற்றுக்கு எமனாயிற்று. ஒரு காலத்தில் ஐரோப்பிய நாகரிகப் பெண்களின் தோள்களுக்காக அவை ஆயிரக்கணக்கில் தோலுரிக்கப்பட்டன. இன்னும் ஏறினால் மூங்கில். அதற்குள் பகலிலும் பச்சை இருட்டு; யானை போட்ட பாதை தவிர வேறு பாதை இல்லை; திருப்பத்தில் காட்டெருமை நிற்கிறதா என்பது முட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். பெரிய காட்டுப்பன்றி, கருஞ்சிறுத்தை எல்லாம் இங்கே உண்டு. மூங்கிலுக்கு மேலே பாசி தொங்கும் ஹஜீனியா மரங்கள். அதற்கும் மேலே, முன்பு சொன்ன புல்வெளி.

இந்தப் புல்வெளியில் பகலில் பூமத்திய ரேகைச் சூரியன் சுள்ளென்று காயும். இரவில் தண்ணீர் உறையும். ஒவ்வொரு நாளும் கோடை, ஒவ்வொரு இரவும் குளிர்காலம். இதைத் தாங்கப் பழகிய செடிகள் விசித்திரமானவை. தோட்டங்களில் முழங்கால் உயரத்துக்கு வளரும் இனத்துச் செடிகள் இங்கே ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கின்றன. ராட்சத லொபீலியா இருட்டியதும் இலைகளைக் குடை மடக்குவது போல மடக்கி நடுக்குருத்தைப் போர்த்திக்கொள்கிறது, விடிந்ததும் விரிக்கிறது. இன்னொரு செடி தன் பட்டுப்போன இலைகளை உதிர்ப்பதில்லை. கிழிந்த கம்பளி மாதிரி அவற்றைத் தண்டைச் சுற்றியே வைத்துக்கொள்கிறது. இந்தப் புல்லும் பாசியும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவதால்தான் கீழே நதிகள் ஓடுகின்றன. கரூரு அருவி மூன்று படிகளாக 900 அடி விழுகிறது. கென்யாவின் மிகப் பெரிய நதியான தானா இங்கே பிறக்கிறது. மேற்கே இறங்கும் மலேவா நதி நைவாஷா ஏரியை நிரப்புகிறது. நைரோபி நகரத்தார் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த மலை கொடுப்பதுதான்.

இந்தக் காட்டின் உண்மையான ராஜா, என் மதிப்பில், சிங்கமும் அல்ல, யானையும் அல்ல, போங்கோ. குதிரையளவு பருமனான ஒரு மான். நல்ல செம்பழுப்பு உடம்பு. முதுகிலிருந்து வயிற்றை நோக்கி, யாரோ சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து இழுத்தது போலப் பத்துப் பதினைந்து வெள்ளைக் கோடுகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் முறுக்கிய கொம்புகள். கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு மூங்கிலுக்குள் ஓசையில்லாமல் மறைந்துவிடும். வாழ்நாள் முழுவதும் இந்த மலையடிவாரத்தில் இருந்தும் அதைப் பார்க்காதவர்கள் உண்டு. அப்படி மறைந்து வாழத் தெரிந்த பிராணியையும் மனிதன் விடவில்லை. கண்ணியும் நாயும் கொண்டு வேட்டையாடியது போக, 1960-களிலும் 70-களிலும் மிருகக்காட்சி சாலைகளுக்காகவும் பிடித்துச் சென்றார்கள். காட்டில் மிஞ்சியவை நூற்றுக்கும் குறைவு என்ற நிலை வந்தபோது, நாடு கடத்தப்பட்டவற்றின் சந்ததிகளே உதவிக்கு வர வேண்டியதாயிற்று. 2004-இல் அமெரிக்காவிலிருந்து பதினெட்டு போங்கோக்கள் விமானம் ஏறிக் கென்யா மலையடிவாரத்துக்குத் திரும்பி வந்தன. பாட்டன் பூட்டன் வாழ்ந்த காட்டை அவற்றுள் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

மனிதர்களின் கதை ரயிலோடு தொடங்குகிறது. மொம்பாஸா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரையில் ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதை 1899-இல் நைரோபியை எட்டியது. 1901-இல் ஏரிக்கரையை அடைந்தது. போட்டவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட சுமார் 32,000 கூலிகள். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். ரயில் வந்த பிறகு துரைமார் வந்தார்கள். அபெர்டேர் மலையின் இரு பக்கங்களிலும் இருந்த குளிர்ந்த, வளமான நிலம் வெள்ளையருக்கே என்று ஒதுக்கப்பட்டது. ரயில் போட்ட இந்தியன் அங்கே ஓர் ஏக்கர்கூட வாங்க முடியாது. கிக்கூயுவின் கதி இதைவிட மோசம். பாட்டனுடைய நிலத்தில் அவன் கூலியாகக் குடிசை போட்டுக்கொண்டான். ‘கிபாண்டே’ என்ற அடையாளச் சீட்டை ஒரு தகரக் கூட்டில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் திரிய வேண்டியிருந்தது. மாட்டுக்கு மணி கட்டுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

மேற்குச் சரிவில் வாஞ்ஜோஹி பள்ளத்தாக்கில் குடியேறிய சில சீமான்களும் சீமாட்டிகளும் செய்த லீலைகளால் அதற்கு ‘ஆனந்தப் பள்ளத்தாக்கு’ என்றே பெயர் வந்துவிட்டது. குடியும் கும்மாளமும் மனைவி மாற்றமும், கடைசியில் 1941-இல் எரோல் பிரபு சுட்டுக் கொல்லப்பட்டதும் இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்கு வருஷக்கணக்கில் தீனி போட்டன. அதை விவரிக்க ஆசைப்படும் எழுத்தாளர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். நான் மலைக்குக் கிழக்கே போகிறேன்.

கிழக்கே, நியேரி என்ற சிற்றூரில் ஓட்டல் நடத்திய எரிக் வாக்கர் என்பவர் 1932-இல் காட்டுக்குள் ஒரு பெரிய முகுமோ மரத்தின் மீது இரண்டு அறை கொண்ட பரணை அமைத்தார். கீழே நீர்க்குட்டை, உப்பு மண். இரவில் மிருகங்கள் உப்பு நக்க வரும். விருந்தினர் மேலிருந்து பார்க்கலாம். கிக்கூயு கடவுளைக் கும்பிட்ட மரம் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு விடுதியாயிற்று. ‘ட்ரீடாப்ஸ்’ என்று அதற்குப் பெயர். 1952-இல் ராஜகுமாரி ஏறியது இந்த மரத்தில்தான். அன்றிரவு ஏணியின் மேற்படியில் சிறுத்தை ஏறிவிடாதபடி துப்பாக்கியுடன் காவல் உட்கார்ந்திருந்த கிழவர் யார் தெரியுமா? குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட நம் ஜிம் கார்பெட்! அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு.

நைனிடாலில் பிறந்து, அந்த மலை ஜனங்களோடு ஜனமாக வாழ்ந்த கார்பெட், இந்தியா சுதந்திரம் பெற்ற 1947-இன் இறுதியில் வீட்டை விற்றுவிட்டுத் தமக்கை மாகியுடன் கப்பலேறினார். நியேரியில், சாரணர் இயக்கத் தந்தை பேடன்-பவல் கடைசிக் காலத்தில் வசித்த அதே குடிலில் குடியேறினார். இந்திய ஏழைகளைப் பற்றி அவ்வளவு அன்போடு எழுதிய மனிதர் அந்த ஏழைகள் ஆளத் தொடங்கிய நாளில் ஏன் போனார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேள்வியை விழுங்கவும் முடியவில்லை. விதியின் வேடிக்கை என்னவென்றால், ஒரு சுதந்திரத்தை விட்டுப் போனவர், இன்னொரு சுதந்திரப் போர் மூளவிருந்த மலையின் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். ராஜகுமாரியாக ஏறி ராணியாக இறங்கிய அதிசயத்தை விடுதிப் பதிவேட்டில் முதலில் எழுதி வைத்தவர் அவர்தான்.

அதே 1952 அக்டோபர் 20-ஆம் தேதி கென்யாவில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. நிலத்துக்காகவும் விடுதலைக்காகவும் ரகசியப் பிரமாணம் செய்துகொண்ட கிக்கூயு வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் மலையேறிக் காட்டுக்குள் புகுந்தார்கள். உலகப் பத்திரிகைகள் ‘மௌ மௌ’ என்று எழுதி நடுங்க வைத்தது இவர்களைத்தான். ஜோமோ கென்யாட்டாவைச் சர்க்கார் கைது செய்து வழக்குப் போட்டபோது, வாதாட வந்த வக்கீல்களுடன் சேர்ந்துகொள்ள நேரு இந்தியாவிலிருந்து திவான் சமன்லாலை அனுப்பினார்.

காட்டுக்குள் போனவர்களிடம் இருந்தது தண்ணீர்க் குழாயையும் கதவுத் தாழ்ப்பாளையும் கொண்டு செய்த துப்பாக்கி. அவர்களை எதிர்த்து வந்தவை லிங்கன் ரகக் குண்டு விமானங்கள். 1953 முதல் 1955 வரை மூங்கில் காட்டின் மேல் குண்டுகள் விழுந்தன. ஒளிந்திருந்தவர்களோடு யானையும் காண்டாமிருகமும் எருமையும் செத்தன. காயம்பட்டவை வெறிகொண்டு திரிந்தன. கீழே, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிக்கூயு மக்களைப் பிடித்து முள்வேலிக் கிராமங்களில் அடைத்தார்கள். காட்டுக்குச் சோறு போகாதபடி அகழி வெட்டினார்கள். வெட்டியவர்கள் சோறு போட்ட தாய்மார்களே.

ஒரு பக்கத்துக் கதையாக இதைச் சொல்வது நியாயம் அல்ல. 1953 மார்ச் 26-ஆம் தேதி இரவு, மலையின் தென்கோடியில் லாரி என்ற இடத்தில், சர்க்கார் பக்கம் இருந்தவர்களின் குடிசைகளுக்குப் போராளிகள் தீ வைத்தார்கள். தப்பி ஓடிய பெண்களையும் குழந்தைகளையும் வெட்டினார்கள். பழிவாங்க வந்தவர்கள் அதற்குக் குறையாமல் கொன்றார்கள். கொன்றவரும் செத்தவரும் இரு தரப்பிலும் கிக்கூயுவே. அந்தப் போரில் இறந்த வெள்ளைக் குடியேறிகள் முப்பத்திரண்டு பேர்; சர்க்கார் தூக்கிலிட்ட ஆப்பிரிக்கர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

1954 மே மாதத்தில் ராணி தங்கிய முகுமோ மரத்துக்குப் போராளிகள் தீயிட்டார்கள். கார்பெட் அந்த மரத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி முடித்து, 1955 ஏப்ரலில் கண்ணை மூடினார். நியேரி இடுகாட்டில் பேடன்-பவலுக்குச் சற்றுத் தள்ளி அவரைப் புதைத்தார்கள்.

காட்டில் இருந்தவர்களின் தலைவர் டெடான் கிமாத்தி. கொஞ்ச காலம் பள்ளி உபாத்தியாயராக இருந்தவர். காட்டுக்குள்ளேயே ‘கென்யா பார்லிமெண்ட்’ என்று 1954-இல் ஒரு சபை கூட்டி அதன் பிரதம மந்திரியானார். கடிதங்களும் கணக்குகளும் எழுதி வைப்பதில் அவருக்கு இருந்த பித்து, உபாத்தியாயர் வேலையின் மிச்சம். தோழர்களில் சிலர் அவரைத் தெய்வமாக நினைத்தார்கள். சிலர் கொடியவர் என்று வெறுத்தார்கள். இரண்டுக்கும் காரணம் இருந்தது. சரணடைந்தவர்களையே திரும்பக் காட்டுக்குள் அனுப்பி ஆங்கிலேயர் அவரைத் தேடினார்கள். 1956 அக்டோபர் 21-ஆம் தேதி விடியற்காலையில், காட்டின் ஓரத்தில், சிறுத்தைத் தோல் சட்டை அணிந்து வந்த ஒருவரைக் காவல்படைக் கிக்கூயு ஒருவர் சுட்டார். குண்டு காலில் பாய்ந்தது. நியேரியில் விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு, கைத்துப்பாக்கி வைத்திருந்தது. 1957 பிப்ரவரி 18-ஆம் தேதி நைரோபியை அடுத்த கமிட்டி சிறையில் தூக்கு. உடலைச் சிறைக்குள்ளேயே அடையாளமின்றிப் புதைத்துவிட்டார்கள்.

அதே 1957-இல் ட்ரீடாப்ஸ் விடுதியைப் பெரிதாக மறுபடி கட்டினார்கள். அதே 1957-இல் இந்தியா, விட்டுப்போன கார்பெட்டின் பெயரைத் தன் முதல் தேசிய வனத்துக்குச் சூட்டியது. நமக்கு மன்னிக்கத் தெரியும் என்பதற்கு அதைச் சொல்லலாம். கென்யாவுக்கு மறக்கத் தெரியும் என்பதற்கு இனி வருவதைச் சொல்லலாம்.

1963 டிசம்பர் 12-இல் கென்யா விடுதலை பெற்றது. கென்யாட்டா ஆட்சிக்கு வந்தார். ஆனால் மௌ மௌ மீது வெள்ளையர் போட்ட தடைச்சட்டம் அப்படியே இருந்தது. நாற்பது வருஷம் கழித்து, 2003-இல்தான் நீக்கினார்கள். காட்டிலிருந்து இறங்கியவர்களில் பலருக்கு நிலம் கிடைக்கவில்லை. நிலம் கிடைத்தவர்கள், போரின்போது வீட்டில் இருந்தவர்கள். 2013-இல் பிரிட்டிஷ் சர்க்கார் வருத்தம் தெரிவித்து, சித்திரவதைக்கு ஆளான 5,228 முதியவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது.

மலையும் விடுதலைக்குப் பிறகு சுகப்படவில்லை. நியேரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த வங்காரி மாத்தாய், தம் வீட்டருகே ஒரு முகுமோ மரமும் அதனடியில் ஓர் ஊற்றும் இருந்ததைச் சிறு வயதில் பார்த்தவர். அமெரிக்காவில் படித்துத் திரும்பி வந்தபோது மரத்தை வெட்டியிருந்தார்கள், ஊற்றும் வற்றியிருந்தது. பாட்டிமார் சுள்ளி பொறுக்காதே என்று சொன்னது வெறும் பக்தியா, நீர்க்கணக்கா என்று யோசித்தவர் அவர். 1977-இல் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி, அடிபட்டு, சிறைப்பட்டு, 2004-இல் நோபல் பரிசு பெற்றார். காண்டாமிருகங்களின் கதியும் அப்படித்தான் இருந்தது. 1970 வாக்கில் கென்யா முழுவதும் இருபதினாயிரம் இருந்த கறுப்புக் காண்டாமிருகங்கள் இருபது வருஷத்தில் நானூறுக்கும் கீழே போயின. அபெர்டேர் காட்டில் மிஞ்சியவற்றைக் காப்பாற்ற 1989-இல் மின்வேலி போட ஆரம்பித்து, இருபது வருஷம் போட்டு, சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையையே சுற்றிக் கட்டி முடித்தார்கள். இப்போது யானை சோளக்கொல்லையில் இறங்குவதில்லை. கோடரி எடுத்தவனும் எளிதில் ஏற முடிவதில்லை. ஒரு காலத்தில் மனிதனை உள்ளே அடைக்க அகழி வெட்டிய அதே காட்டோரத்தில் இந்த வேலி ஓடுகிறது.

கிமாத்தியின் மனைவி முகாமி, கணவரோடு காட்டில் இருந்தவர், சிறையிலும் இருந்தவர். தூக்கிலிடப்படுவதற்கு முன் கணவரைச் சிறையில் பார்த்தார். அதன்பின் அறுபத்தாறு வருஷம், ஆட்சிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒன்றுதான்: அவர் எலும்பைத் தோண்டி எடுத்துக் கொடுங்கள், முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும். 2007-இல் நைரோபித் தெருவில் கிமாத்திக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். எலும்பு கிடைக்கவில்லை. 2023 மே மாதத்தில் முகாமி காலமானார். மலையின் மேற்கு அடிவாரத்தில், கினங்கோப் பக்கத்து ஞ்ஜபினி என்ற ஊரில், தேசத்தின் ஜனாதிபதியும் வந்து நிற்க, அவரைத் தனியாகப் புதைத்தார்கள்.